போலீஸ் வந்துபோன வாரம்

"கூப்பிட்ட அரை மணி நேரத்துல போலீஸ் வருது. ஒரு நகருக்கு இதுக்கு மேல என்ன சார் வேணும்?" எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் கூட்டத்தில் இப்படிக் கேட்டதும் கைதட்டல் எழுந்தது. மனிதர் சொன்னதில் பொய் கிடையாது. எங்கள் நகரிலிருந்து போன் போனால் போலீஸ் வரத்தான் செய்கிறது. பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் ஆடிக் கொடை, அதாவது ஆடித் திருவிழா, நடந்த அந்த வாரத்தில் ரோந்து பைக் தெருவுக்குள் வந்துபோவது ஓயவே இல்லை. ஆனால் யார் கூப்பிட்டார்கள், யாரைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டிருக்க வேண்டிய எது கூப்பிடாமலே போனது என்று யோசிக்க ஆரம்பித்தால், அந்தக் கைதட்டல் எனக்கு ஒட்டவில்லை. அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம்தான். அதற்குள் பஜ்ஜி வந்துவிட்டது, பேச்சு குடிதண்ணீர் இணைப்புக்குத் திரும்பிவிட்டது. சரி, இங்கே சொல்கிறேன்.

நகரின் பெயர் வேண்டாம். பாளையங்கோட்டையைத் தாண்டி நான்குவழிச் சாலைப் பக்கம் போனால் முகப்பில் ஆர்ச் வைத்த நகர்கள் வரிசையாக வரும், அதில் ஒன்று. எனக்குக் கல்யாணம் ஆன காலத்தில் இது பாளையங்கால்வாய்த் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல். இப்போது சென்ட் கணக்கில் விலை. மேற்கே பழைய ஊர் இருக்கிறது: அம்மன் கோயில், புளியமரம், குளம், குளத்தங்கரையில் சுடலைமாடன் பீடம். நாங்கள் அதைக் கிராமம் என்போம், அவர்கள் எங்களைப் பிளாட்டுக்காரங்க என்பார்கள். அந்த ஊரிலிருந்து கிழக்கே தரிசுக் காட்டுக்குப் போகிற வண்டிப்பாதைதான் இன்றைக்கு எங்கள் மூன்றாவது தெரு. பிளாட் போட்டவர் பாதையையே தெருவாகக் காட்டி, தார் ஊற்றி விற்றுவிட்டார். அப்புறம் நாங்கள் இரண்டு முனையிலும் இரும்புக் கேட் போட்டோம், வாட்ச்மேன் வைத்தோம், கேமரா வைத்தோம். கேமராவுக்குப் பணம் எங்களுடையது, ரிப்பன் வெட்டியது போலீஸ் அதிகாரி.

நான் தொலைபேசி இலாகாவில் இருந்தவன். 2020 ஜனவரியோடு 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அதில் ஒருவன். ஒரு அழைப்பு எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது விட்டுப்போகாத தொழில் புத்தி. அந்தக் காலத்தில் 100-ஐச் சுழற்றினால் உள்ளூர்க் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். எடுப்பவருக்குச் சமாதானபுரம் எது, சாந்தி நகர் எது என்று தெரியும். இப்போது 100 அடித்தாலும் 112 அடித்தாலும் சென்னையில் எடுத்து, அங்கிருந்து மாவட்டத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். "எந்த மாவட்டம் சார்? எந்த ஸ்டேஷன் லிமிட்? லேண்ட்மார்க் சொல்லுங்க" என்று ஒரு பெண் குரல் பொறுமையாகக் கேட்கும். நம் ஆட்கள் "ஆச்சி இட்லிக் கடைக்கு எதிர்ச் சந்து" என்பார்கள். அதனால் அனுபவப்பட்ட யாரும் எங்கள் நகரில் 100 அடிப்பதில்லை. ஏட்டையா நம்பர் இருக்கிறது. அவர் சிறப்பு எஸ்.ஐ. ஆகி வருஷங்கள் ஆகிவிட்டன, இருந்தாலும் எல்லார் போனிலும் அவர் ஏட்டையாதான். நல்ல மனுஷர். கூப்பிட்டால் எடுப்பார், எடுத்தால் வருவார். ஆனால் அவர் செல்போனுக்குப் போகிற அழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. யார் சொன்னது, என்ன சொன்னது, கடைசியில் என்ன ஆயிற்று என்பதெல்லாம் அவர் பைக் கிளம்பும்போது புகையோடு போய்விடும்.

மைக் செட்

செவ்வாய்க்கிழமை கொடை. ஆடிக் காற்று எங்கள் பக்கம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருவது. குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு இங்கே வெறும் காற்றாக வந்து கதவை அடிக்கும். மேற்கே யார் பேசினாலும் நமக்குக் கேட்கும். அன்று இரவு வீட்டுக்குள் டி.வி. சத்தத்தைவிட வில்லுப்பாட்டுக்காரர் குரல் தெளிவாக இருந்தது. எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம். இரண்டாம் தெருவில் நீட் தேர்வுக்கு மறுபடியும் படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். மணி 10 அடித்ததும் அவன் அப்பா ஏட்டையாவைக் கூப்பிட்டார்.

அவர் செய்ததில் தப்பில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் இரவு 12 வரை மாநில அரசு தளர்த்திக்கொள்ளலாம் என்றும் அதே விதியில் உண்டு. அன்று அப்படித் தளர்வு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஏட்டையா வந்தார், மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளை அவிழ்க்கச் சொன்னார். பந்தலுக்குள் பாக்ஸ் மட்டும், அதுவும் மெதுவாக. வரி கொடுத்துக் கொடை நடத்துகிற ஊர்க்காரர்கள் கும்பிட்டுக் கேட்டார்கள். கொடையில் முக்கியமே சாமக்கொடைதான். வில்லுக்காரர் சாயங்காலத்திலிருந்து கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வந்து, நடுச்சாமத்தில் சாமி இறங்குகிற இடத்தில் நிறுத்துவார். பெண்கள் குலவை போடுவார்கள். அந்த நேரத்துக்கென்றே திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் லீவு போட்டு வந்திருப்பார்கள். சாமியாடி மைக் இல்லாமல் குறி சொன்னாராம், பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லையாம். "போலீசைப் பார்த்ததும் சாமி மலையேறிடுச்சு" என்று மறுநாள் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே சிரிப்பு.

மார்கழி மாதம் எங்கள் நகர்ப் பிள்ளையார் கோயிலில் அதிகாலை நாலரைக்குப் பக்திப் பாட்டுப் போடுகிறோம். அதே விதிப்படி அதுவும் கூடாது. குழாய் மேற்கே பார்த்துத்தான் கட்டியிருக்கிறது, கிழக்கே கட்டினால் எங்கள் ஆட்களுக்கே தூக்கம் கெடும் என்பதால். அந்த ஊரிலும் நீட்டுக்குப் படிக்கிற பிள்ளை உண்டு, நைட் ஷிப்ட் முடித்து வந்து படுக்கிறவர்கள் உண்டு. எத்தனை மார்கழி போயிருக்கிறது, அங்கிருந்து ஒரு போன் போனதில்லை.

சிவில் மேட்டர்

நடுவில் சில்லறை அழைப்புகள். கேட்டை மறித்துக் கார் நிறுத்தியதற்கு ஒன்று. கார் ஷெட்டுக்குள் நல்ல பாம்பு வந்ததற்கு ஒன்று. பாம்புக்கு 101, தீயணைப்பு நிலையம், ஆனால் பதற்றத்தில் வாயில் வருவது போலீஸ்தான். அப்புறம் ஐந்தாம் தெரு காம்பவுண்டுச் சுவர். ஒன்றரை அடிச் சந்து யாருக்கு என்பதில் இரண்டு ஓய்வுபெற்ற ஊழியர்களும் ஸ்டேஷனுக்குப் போய் ஆளுக்கொரு மனு ரசீது வாங்கிவந்தார்கள். இரண்டு பேரும் அதை ஜெயித்த தீர்ப்புப் போலக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்கிற சீட்டு, அவ்வளவுதான். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுவர்ச் சண்டைக்கெல்லாம் அது வராது. "சிவில் மேட்டர் சார், கோர்ட்ல பாத்துக்கிடுங்க" என்று ஏட்டையா சொன்னது சட்டப்படி சரி.

சரிதான், ஆனாலும் எங்கள் ஊர்க்காரனுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் லேசாக வயிறு கலங்கும். 2025 மார்ச்சில் திருநெல்வேலி டவுனில், ஓய்வுபெற்ற போலீஸ் எஸ்.ஐ. ஒருவரை நோன்பு மாதத்தில் தொழுகை முடித்துத் திரும்புகிற வழியில் வெட்டிக் கொன்றார்கள். பின்னணி இடத் தகராறு. தன் உயிருக்கு ஆபத்து என்று அவர் முன்னாலேயே வீடியோவில் பேசியிருந்தார். காக்கி போட்டு ஓய்வுபெற்றவரின் குரலே போய்ச் சேராத இடம் ஒன்று இருக்கிறது என்றால், எங்கள் அரை மணி நேரப் பெருமையைக் கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்க வேண்டும்.

அந்த வாரம் எங்கள் நகரில் உண்மையாகவே பணம் போனது ஒரு வீட்டில்தான். அங்கே நாங்கள் போலீசைக் கூப்பிடவில்லை, 'போலீஸ்' எங்களைக் கூப்பிட்டது. தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மகன் வெளிநாட்டில். வாட்ஸப் வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேஜையில் தொப்பி. உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் பண மோசடி நடந்திருக்கிறது, போனை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி முழுக்க போனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். காலையில் கீரை கொடுக்கப் போன என் மனைவியிடம் ஜன்னல் வழியாகக் "காய்ச்சல், அப்புறம் வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கொஞ்சம் பணத்தை அனுப்பியும் விட்டார். மீதிக்கு டெபாசிட்டை உடைக்க வங்கிக்குப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண் "எதுக்கு டீச்சர் அவசரமா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் அழுதுவிட்டார். அந்தப் பெண்தான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அப்படி ஒரு கைதே சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியிலேயே பேசினார். டீச்சர் தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர், அவருக்கு இது தெரியும். காக்கியைப் பார்த்ததும் படித்ததெல்லாம் போய்விட்டது. இந்தத் திருட்டு எங்கள் கேட் வழியாக வரவில்லை, கேமராவில் விழவில்லை, வாட்ச்மேன் விசில் ஊதவில்லை. குழுவில் யாரும் ஒரு வரி எழுதவுமில்லை. டீச்சருக்கு வெட்கம், தெரிந்த எங்களுக்குத் தயக்கம்.

தொரட்டி

வாரக் கடைசியில்தான் அது நடந்தது. நான் மேலே சொன்னதையெல்லாம் மறந்திருப்பேன், அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்.

மூன்றாம் தெருவில் ஒரு ஐ.டி. இளைஞர் புதிதாகக் குடிவந்திருக்கிறார். வீட்டிலிருந்தே வேலை. பிறந்தது வள்ளியூர்ப் பக்கம், படித்ததும் வளர்ந்ததும் சென்னை. விடிகிற நேரத்தில் மாடி பால்கனியில் நின்றவர் கண்ணில் பட்டது: தலையில் துண்டு கட்டிய ஆள், தோளில் நீளக் கம்பு, கம்பின் நுனியில் ஏதோ மின்னுகிறது, இடுப்பில் அரிவாள். ஏட்டையா நம்பர் அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. 112 அடித்துவிட்டார்.

தெரிந்தவர்களுக்கு அது தொரட்டி. மூங்கில் கம்பு நுனியில் வளைந்த சின்ன அரிவாளைக் கட்டியிருக்கும், எட்டாத கிளையை இழுத்து அறுக்க. ஆட்டுக்குக் குழை வெட்டப் போகிறவர் கையில் அது இல்லாமல் இருக்காது. வேம்பு, வாகை, கொடுக்காப்புளி என்று எது கிடைக்கிறதோ அது. இடுப்பில் இருப்பது கைக்கெட்டுகிற கொப்புக்கு. ஆனால் திருநெல்வேலி என்றாலே சினிமா ஒரு அருவாளைக் கையில் கொடுத்துவிடுகிறது. வெளியூர்க்காரன் நம்பினால் போகிறது, எங்கள் பிள்ளைகளே அதைத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். அந்தப் பையனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இருட்டும் வெளிச்சமுமான நேரத்தில் இரும்பைப் பார்த்தான், பயந்தான்.

நான் பால் வாங்கித் திரும்பும்போது தெரு முனையில் வாக்கிங் கூட்டம் நின்றது. நடுவில் அறுபது வயது தாண்டிய மனிதர். எதிரே ஒரு இளம் காவலர், மீசை இப்போதுதான் கருத்திருக்கிறது.

"எந்த ஊருய்யா?"

ஊரைச் சொன்னார்.

"அங்க எந்தத் தெரு?"

தெருவையும் சொன்னார்.

"காலங்காத்தால அருவாளைத் தூக்கிக்கிட்டு எங்கல போற?"

முதல் கேள்வியில் இருந்த 'ய்யா' மூன்றாவதில் எங்கள் ஊர் 'டா'வான 'ல' ஆகிவிட்டது. இடையில் வந்தது தெருவின் பெயர் மட்டும்தான். அங்கே நின்ற எல்லோரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள், எல்லோருக்கும் அது கேட்டிருக்கும். நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி அடையாளக் கயிறு கட்டக் கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்துவிடலாம். எந்தத் தெரு என்ற கேள்வியை என்ன செய்வது?

"ஆட்டுக்குக் குழை அறுக்கப் போறேன்யா. எப்பவும் இந்தப் பாதைதான்."

"ஆதார் இருக்கா?"

"அதை ஆடா கேக்கும்?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். காவலர் சிரிக்கவில்லை. அதற்குள் ஏட்டையா வந்து சேர்ந்தார். வந்ததும் "அட, நீரா? என்னவே இது, வெள்ளனவே" என்றார். எங்களைப் பார்த்து, "தெரிஞ்ச ஆளு சார். நீங்க வீடு கட்டியிருக்க இடம் பூரா இவரு பங்கு வாரத்துக்குப் பயிர் வச்ச வயலு" என்றார். நியாயமாக அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 112-ல் வந்த அழைப்பு அல்லவா, அதற்கு நம்பர் இருக்கிறது, பார்த்தாயிற்று என்று மேலே காட்டி முடித்துவைக்க வேண்டும். "போட்டோ ஒண்ணு அனுப்பணும் சார், வேற ஒண்ணுமில்ல" என்றார் ஏட்டையா. பெரியவர் போட்டோ என்றதும் தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார், அரிவாளையும் தொரட்டியையும் சுவரில் சாத்திவிட்டு நேராக நின்றார். இளம் காவலர், "அருவாளைக் கையில பிடி, அதும் தெரியணும்" என்றார். அவர் ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா எங்கேயோ பார்த்தார். அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். காவலர் ஒரு படம் எடுத்தார். எங்கள் ஆட்களில் ஒருவரும் எடுத்தார்.

காப்பி குடித்து முடிப்பதற்குள் படம் குழுவில் வந்துவிட்டது. "ஆயுதத்துடன் நடமாடிய நபர். உடனடியாகத் தகவல் தந்த நண்பருக்கும் விரைந்து வந்த காவல்துறைக்கும் நன்றி." கீழே கும்பிடும் கைகள் வரிசையாக. விசாரித்து அனுப்பிவிட்டார்கள், பக்கத்து ஊர்க்காரர்தான் என்று நான் எழுதினேன். அதற்கும் ஒருவர் கும்பிடும் கை போட்டார்.

தலைவர் கூட்டத்தில் சொன்ன அரை மணி நேரம் இந்த அழைப்புதான். நேரம் பதிவான அழைப்பு அந்த வாரத்தில் இது ஒன்றே.

எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிற பெண் அந்த ஊர். அவளிடம், உங்கள் ஊரில் ஏதாவது பிரச்சினை என்றால் போலீசைக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "கூப்பிட்டா வருவாக சார். வந்தா சும்மா போக மாட்டாகள்லா, யாரையாவது கூட்டிட்டுப் போவணும். கூப்பிட்டவனைத்தான் கூட்டிட்டுப் போவாக." 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கில் நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்துவைத்ததாகச் சொல்லிக் கூட்டிப்போன அப்பாவும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. 2023-ல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குப் போனவர்கள், போலீசார் தங்கள் பல்லைப் பிடுங்கினார்கள் என்று புகார் சொன்னார்கள். எங்கள் நகரில் இந்த இரண்டும் பேப்பரில் படித்து, அடப்பாவமே சொல்லி, மடித்து வைத்த செய்திகள். பாதைக்கு அந்தப் பக்கம் ராத்திரி ஒன்பதுக்கு மேல் பையனை வெளியே விடாததற்குக் காரணம். இருபுறமும் அதே 112-தான், கோபுரமும் அதே கோபுரம்தான், சிக்னலும் முழுசாகவே இருக்கிறது. ஆனாலும் அழைப்பு கிழக்கிலிருந்து மேற்கைப் பார்த்து மட்டுமே போகிறது. இலாகாவில் இப்படி ஒரு லைன் இருந்தால் பழுது என்று குறித்து ஆள் அனுப்பியிருப்போம்.

போகாத போன்

கிழக்கிலிருந்தும் எல்லாம் போய்விடவில்லை. நாலாம் தெருவில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிற வீடு. கொடைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ராத்திரி பத்தரைக்கு மேல் பாத்திரம் விழுகிற சத்தம், அப்புறம் அழுகை, அப்புறம் அழுகையை அமுக்குகிற சத்தம். பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது, அணைந்தது. கொடைச் சத்தத்துக்குப் பத்து மணி அடித்ததும் போன் எடுத்த வீட்டிலும் கேட்டிருக்கும். மறுநாள் தலைவரிடம் ஜாடையாகச் சொன்னேன். "புருஷன் பொண்டாட்டி விஷயம் சார், நாம போய் என்னத்த…" என்றார். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் எந்தப் பொறுப்பும் வராது என்றும் சொல்கிறது. சட்டம் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பித்தான் விட்டிருக்கிறது, அவர் மறுபடி போர்த்திக்கொண்டார்.

சத்தம் கேட்ட அன்று ராத்திரியே என் மனைவி ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்றேன். "உறைமோர் வாங்கிட்டு வாரேன்." எங்கள் ஃப்ரிட்ஜில் மோர் ஒரு சொம்பு நிறைய இருந்தது. மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டியிருக்கிறாள். அவன் திறந்து, "இந்நேரத்துக்கா?" என்று கேட்டிருக்கிறான். "பால் காய்ச்சி வச்சிட்டேன் தம்பி, உறை ஊத்தலைன்னா காலையில திரிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் அடுக்களையில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. கிண்ணத்தில் மோர் இருந்தது, அதை என்ன செய்வது என்று தெரியாமல் மறுநாள் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். அந்தப் பெண்ணின் போனில் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ 'டெய்லர்' என்று பதிந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். புருஷன் போனைப் பார்க்கிற ஆளாம். டெய்லருக்குப் போன் போயிற்றா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அடிக்கடி இவள் சாயங்காலம் கிண்ணத்தோடு அந்தப் படியேறுகிறாள், அந்தப் பெண்ணின் புருஷன் 'வாங்க அத்தை' என்கிறான். இது தீர்வு என்று நான் சொல்லவில்லை. இவளைச் சங்கத் தலைவராக்கினால் தேவலை என்று மட்டும் தோன்றுகிறது.

புலப்படம்

அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. மூன்றாம் தெருவின் இரண்டு கேட்டையும் இரவு 9 முதல் காலை 7 வரை பூட்டிவிடுவது. வெளியாட்கள் நான்குவழிச் சாலை வழியாகச் சுற்றிப் போய்க்கொள்ளட்டும். வெளியாட்கள் என்றால் யார் என்று யாரும் விளக்கவில்லை, தேவைப்படவுமில்லை. நான் சர்வே எண்ணைப் போட்டு அரசு இணையத்தில் எடுத்த புலப்படத்தை மேஜையில் விரித்தேன். மூன்றாம் தெரு இருக்கிற இடத்தில் இரட்டைக் கோடு ஓடுகிறது. வண்டிப்பாதைப் புறம்போக்கு. பொதுப் பாதையை மறித்தால் அகற்றச் சொல்லி உத்தரவு போட வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 152 என்றும் சொன்னேன். ஐந்தாம் தெருச் சுவர்க்காரர்கள் இரண்டு பேரும் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்று படத்தைக் குனிந்து பார்த்தார்கள். "அப்போ அவங்க நம்ம மேல மனு குடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். கொடுக்கலாம் என்றேன். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. கைவிடப்படவில்லை, தள்ளிவைத்திருக்கிறார்கள். பதிலாக, பாதையில் போகிறவர்கள் பெயர், போன் நம்பர் எழுத வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு கொடுக்கலாம் என்று யோசனை வந்தது. எங்கள் கார்களையும் எழுதுவதாக இருந்தால் சரி என்றேன். அதோடு அந்தப் பேச்சும் நின்றது.

கேட்டைப் பூட்ட மாட்டார்கள் என்று வேலைக்கு வருகிற பெண்ணிடம் சொன்னேன். அவள் பெரியப்பாதான் அந்தப் பெரியவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் பாதை மாறிவிட்டாராம், தொரட்டியைத் தூக்கிக்கொண்டு நான்குவழிச் சாலை ஓரமாகத்தான் போய்வருகிறாராம். லாரிகள் பறக்கிற ரோடு. "கேட்டு கெடக்கட்டும் சார், போட்டோவை அழிச்சாச்சா?" என்றாள். தலைவர்தான் குழுவின் அட்மின். அவரிடம் கேட்டேன். "போலீஸே எடுத்த போட்டோதான சார், ரெக்கார்டுக்குக் கெடக்கட்டும்" என்றார். மறுபடியும் கேட்டேன், பார்க்கலாம் என்றார்.

போன வாரம் மகாராஜ நகரிலிருந்து என் மச்சினன் ஒரு படம் அனுப்பினான். 'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறியோடு வந்தது. தோளில் துண்டு, கையில் அரிவாள், பின்னால் எங்கள் மூன்றாம் தெருச் சுவர். மேலே 'எச்சரிக்கை' என்று சிவப்பு எழுத்து சேர்ந்திருந்தது. கீழே அவன் கேட்டிருந்தான்: "அத்தான், உங்க ஏரியாவாமே. ஆள் பிடிபட்டாச்சா?"